கயிறு தளரும், மீன் விறைக்கும்: தளர்வு என்று எதைச் சொல்கிறோம்?

பாம்பனில் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பும் லாரியைக் கவனித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நைலான் கயிற்றை இழுத்து, காலை முட்டுக்கொடுத்து, தட்டினால் விண்ணென்று ஒலிக்கும்படி கட்டியிருப்பார்கள். மண்டபம் தாண்டி டீக்கடையில் வண்டி நின்றதும் கிளீனர் இறங்கி அதே கயிற்றை அமுக்கிப் பார்ப்பார், இன்னொரு முறுக்குப் போடுவார். முடிச்சு அவிழவில்லை. பெட்டிகள் குலுங்கி அமர்ந்ததில் கொஞ்சம் இறுக்கம் போயிருக்கும். மீதி கயிற்றுக்குள்ளேயே கரைந்துவிட்டது. கட்டிய நீளம் மாறாமலே, இழைகளுக்குள் இருக்கும் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்கி, இழுவிசையை விட்டுக்கொடுத்திருக்கின்றன. இயற்பியலில் இதற்குத் தகைவுத் தளர்வு என்று பெயர்; தகைவு என்றால் பொருளுக்குள் நிற்கும் இறுக்கம்.

இந்தத் தளர்வு ஒரு துறையோடு நிற்பதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படுத்திருப்பவர் உடம்பில் அளப்பது தளர்வை. பாலம் கட்டும் பொறியாளர் கம்பி எவ்வளவு தளரும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறார். இதய மருத்துவர் இதயம் ஒழுங்காகத் தளர்கிறதா என்று எக்கோவில் பார்க்கிறார். தீவுகளில் பறவை எண்ணுகிறவர்களும் தளர்வைப் பற்றிப் பேசுகிறார்கள். நாமோ ‘ரெண்டு நாள் ரிலாக்ஸா இருந்துட்டு வரலாம்’ என்று ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போடுகிறோம். இவ்வளவுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி: நிலை கலைந்த ஒன்று மறுபடி ஒரு சமநிலைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும், அதை வரவிடாமல் பிடித்திருப்பது எது? அன்றாடப் பேச்சில் இந்தக் கேள்வி காணாமல் போய், சும்மா இருந்தால் தானாகத் தளர்ந்துவிடும் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த நினைப்பு பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி.

கயிறும் கட்டிலும்

1835-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் வேபர் பட்டு இழைகளில் எடை தொங்கவிட்டு ஆராய்ந்தபோது, இழை உடனே நீண்டு நின்றுவிடாமல் பின்னும் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போவதைக் குறித்துவைத்தார். எடையை எடுத்தாலும் அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய நீளத்தை நோக்கி வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1867-இல், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வாயுக்களைப் பற்றிய தம் கட்டுரையில் இதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தார். ஒரு பொருளை இழுத்து அதே நிலையில் பிடித்து வைத்தால் அதற்குள் இருக்கும் இறுக்கம் எந்த வேகத்தில் குறையும் என்பதை ஒரே எண்ணால் சொல்லலாம் என்றார். அதுதான் தளர்வு நேரம். அவ்வளவு நேரம் கடந்தால் தொடக்க இறுக்கத்தில் சுமார் 37 விழுக்காடு மிஞ்சும். இன்னும் அவ்வளவு நேரம் போனால் சுமார் 14 விழுக்காடு, மூன்றாம் தவணையில் 5. முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு இழுத்துக்கொண்டே போகும். முழுக்கப் பூஜ்யம் ஆகிற கணம் என்று ஒன்று கணக்கில் கிடையாது.

பொருளுக்குப் பொருள் இந்த நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் வேடிக்கை. தண்ணீரின் மூலக்கூறுகளை மின்புலத்தால் ஒரு பக்கம் திருப்பிவிட்டு விட்டால், சாதாரண வெப்பநிலையில் அவை பழையபடி கலைந்துபோக ஒரு நொடியை இலட்சம் கோடியாகப் பிரித்து அதில் எட்டுப் பங்குதான் பிடிக்கும். மறுகோடியில் பூமி இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவை ஒட்டி 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அன்று வந்த அலையை இலங்கை பெருமளவு மறித்ததால் நம் ராமநாதபுரக் கடற்கரை நாகப்பட்டினம் பட்ட பாட்டைப் படவில்லை. அதிர்வு சில நிமிடங்களில் ஓய்ந்தது. ஆனால் அந்தமான் பக்கத்து ஜி.பி.எஸ். கருவிகள் நிலம் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் நகர்ந்ததைக் காட்டின. மேலோடு உடைந்ததில் அடியிலிருக்கும் மூடகப் பாறைமேல் ஏறிய தகைவு, தன் போக்கில் மெதுவாகத் தளர்ந்துகொண்டிருந்தது அந்த நகர்வில் தெரிந்தது.

பாறை ஓடுமா என்று கேட்கலாம். பொருட்கள் ஓடும் விதத்தை ஆராயும் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்க்கஸ் ரெய்னர் 1964-இல் இதற்கு விவிலியத்திலிருந்து பெயர் எடுத்தார். நியாயாதிபதிகள் ஆகமத்தில் தெபோராள் பாடும் பாட்டில் ஆண்டவருக்கு முன்பாக மலைகளும் உருகி ஓடுகின்றன. மனிதர் கண்முன் மலை ஓடாது, நம் ஆயுள் போதாது. ஆண்டவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, அவர் பார்வையில் ஓடும் என்பது ரெய்னரின் குறும்பான விளக்கம். ஒரு பொருளின் தளர்வு நேரத்தை நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தால் வகுத்தால் வருவது ‘தெபோரா எண்’. அது மிகப் பெரிதாக இருந்தால் அந்தப் பொருள் நமக்குத் திடம், மிகச் சிறிதாக இருந்தால் திரவம். தங்கச்சிமடத்துக் கோயிலில் இந்த வசனத்தை வாசிப்பவர் ஒரு பொறியியல் எண்ணையும் சேர்த்து வாசிக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இனி ஒரு வேறுபாடு. கட்டுரையின் மிச்சம் இதில்தான் தொங்குகிறது. லாரிக் கயிற்றில் நீளம் மாறவில்லை, இறுக்கம் குறைந்தது. அது தளர்வு. ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் இன்னும் பனைநார்க் கட்டில் கிடக்கும். புதிதாகப் பின்னியபோது பலகை மாதிரி இருக்கும் அது, ஆறு மாதத்தில் நடுவில் குழிந்துவிடும். அங்கே எடை மாறவில்லை, நார் நீண்டுகொண்டே போகிறது. இதற்குத் தளர்வு என்று பெயரில்லை, ஊர்வு என்று பெயர். இரண்டுக்கும் காரணமான உள்நகர்வு ஒன்றேதான். ஆனால் பிடித்து நிறுத்திய பொருளில் பாரம் குறைகிறது. பாரம் ஏறிக் கிடக்கும் பொருளில் உருவம் குலைகிறது. சுமை இறங்காத இடத்தில் நேரம் எவ்வளவு போனாலும் தளர்வு வராது, தொய்வுதான் வரும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கட்டிலில் படுத்து நாம் தளரும் நேரமெல்லாம் கட்டில் தொய்ந்துகொண்டிருக்கிறது.

கடலோரத்துப் பாலம் கட்டுகிறவர்களுக்கு இது காசு விஷயம். முன்தகைவுக் கான்கிரீட்டில் எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்து, அந்த இழுவையால் கான்கிரீட்டை அமுக்கி வைக்கிறார்கள். கம்பி தளர்ந்தால் அமுக்கம் போயிற்று. பிரான்சின் யூஜின் ஃப்ரெசினே 1928-இல் இந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கும்வரை முயன்றவர்கள் சறுக்கியதற்குக் காரணம், சாதாரணக் கம்பியில் கொடுத்த குறைந்த இழுவையைக் கான்கிரீட்டின் சுருக்கமும் ஊர்வும் கம்பியின் தளர்வும் சேர்ந்து தின்றுவிட்டதுதான். அதிக வலிமையுள்ள எஃகை மிக அதிகமாக இழுத்தால், இழந்தது போக மிஞ்சும் என்பது அவர் பிடித்த வழி. இன்று இந்தியத் தர விதிப்படி, தளர்வு குறைந்த வகைக் கம்பி தன் அறுபடு விசையில் 70 விழுக்காட்டுக்கு இழுக்கப்பட்டு 1,000 மணி நேரம் கிடந்தாலும் 2.5 விழுக்காட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. பொறியாளருக்குத் தளர்வு என்றாலே நஷ்டக் கணக்குத்தான்.

‘அசையாமப் படுங்கம்மா’

ஸ்கேன் அறையில் ‘ரிலாக்ஸா படுங்கம்மா, அசையாதீங்க’ என்பார் டெக்னீஷியன். குழாய்க்குள் தடதடவென்று சத்தம், படுத்திருப்பவருக்கு நெஞ்சு படபடக்கும். அந்த நேரத்தில் உண்மையில் தளர்ந்துகொண்டிருப்பவை அவர் உடம்புத் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள். காந்தப்புலத்தில் ஒழுங்காக நிற்கும் அவற்றை ரேடியோ அலையால் சாய்த்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் நிமிர்கின்றன என்று பார்ப்பதுதான் எம்.ஆர்.ஐ. கொழுப்பில் இருப்பவை கால் நொடி அளவில் மீண்டுவிடும். சுத்தமான நீரில் இருப்பவைக்குச் சில நொடிகள் வேண்டும். இந்த வேறுபாடே படத்தில் வெளுப்பும் கறுப்புமாக விழுகிறது.

ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் 1946-இல் தனித்தனியே, அணுக்கருக்கள் ரேடியோ அலைக்கு இசைந்து சாயும் இந்த ஒத்ததிர்வைக் கண்டார்கள், 1952-இல் நோபல் பெற்றார்கள். எலிகளின் கட்டித் திசுக்களில் தளர்வு நேரம் மாறுபடுகிறது என்று ரேமண்ட் டமாடியன் காட்டியது 1971-இல். படமாக்கும் வழியை 1973-இல் கொடுத்த பால் லாட்டர்பரும் அதை வளர்த்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பகிர்ந்துகொண்டார்கள். டமாடியனுக்குக் கொடுக்கவில்லை, அவர் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார். தளர்வை அளந்தவர் தளராமல் நின்ற கதை அது.

மீன் ஏன் விறைக்கிறது?

ஏலக்கூடத்தில் விளைமீனையோ பாறை மீனையோ வாங்க வருகிறவர் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். வால் தொங்காமல் கட்டைபோல் நேராக நின்றால் விலை ஏறும். செவுளைத் திறந்து சிவப்பு பார்ப்பதும், விரலால் அமுக்கிக் குழி நிறைகிறதா என்று பார்ப்பதும் பிறகுதான். விறைப்பு புதுமீனுக்கு அடையாளம் என்பது கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செத்தபின் உடம்பு தளரத்தானே வேண்டும், ஏன் விறைக்கிறது என்பதில்தான் தசையின் இரகசியம் இருக்கிறது.

நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் தசை நாருக்குள் கால்சியம் திறந்துவிடப்படுகிறது. மையோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் என்ற புரத இழையைக் கவ்வி இழுக்கின்றன. தசை சுருங்குகிறது. சரி, விடுவது எப்படி? கவ்விய மையோசின் தலை பிடியை விட வேண்டுமானால் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்று வந்து அதில் ஒட்ட வேண்டும். வெளியே சிதறிய கால்சியத்தைத் திரும்ப அறைக்குள் இறைத்து ஊற்றவும் ஏ.டி.பி. வேண்டும்; இரண்டு கால்சியத்துக்கு ஒன்று என்பது அந்த இறைப்பானின் கூலி. ஆக, தசை தளர்வதற்குச் செலவு இருக்கிறது. கையில் காசு தீர்ந்தால் பிடித்த பிடி பிடித்தபடியே நிற்கும். செத்த மீனில் நடப்பது இதுதான். மூச்சு நின்றபின் ஏ.டி.பி. தீர்ந்துபோகிறது, பிடிகள் பூட்டிக்கொள்கின்றன.

வலையில் வெகுநேரம் துள்ளி அலைக்கழிந்து செத்த மீன் சீக்கிரம் விறைத்துவிடும், விறைப்பு சீக்கிரம் விட்டும் போகும். சாகுமுன்பே கையிருப்பைச் செலவழித்துவிட்டது. தூண்டிலில் வந்து உடனே கொல்லப்பட்ட மீனுக்குக் கையிருப்பு மிச்சம். சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்து மீன் மறுபடி மெத்தென்று ஆவதைத் தளர்வு என்று எண்ணிவிடக் கூடாது. பிடி விடுபடவில்லை, நொதிகள் தசையின் கட்டுமானத்தையே அரிக்கத் தொடங்கியிருக்கின்றன. தொட்டால் இரண்டும் மென்மைதான். ஒன்று உயிருள்ள தசை செலவழித்து வாங்கியது, மற்றது கெட்டுப்போகத் தொடங்கியது.

நாள் முழுக்க வலை இழுத்தவருக்கு இராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை இதோடு அப்படியே முடிச்சுப் போட முடியாது. அதில் நரம்பின் தூண்டலுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஓய்வு என்பது உடம்பு எதையும் செய்யாத நேரம் என்ற எண்ணம் இங்கேயே உடைந்துவிடுகிறது.

இதயத்தில் இது இன்னும் துலக்கம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் சுருங்குவதற்குச் சுமார் 0.3, தளர்ந்து நிரம்புவதற்குச் சுமார் 0.5. இதயத்தின் இடப்பக்கத் தசைக்குத் தேவையான இரத்தம் பெரும்பாலும் இந்தத் தளர்ந்த வேளையில்தான் அதற்குள் பாய்கிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இம்பேர்டு ரிலாக்சேஷன்’ என்று ஒரு வரி பலருக்கு வரும். ‘டென்ஷனைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க’ என்று அதை வீட்டில் விளக்குகிறவர்கள் உண்டு. அது மனசைப் பற்றிய வரியே இல்லை. இடக்கீழறை போதிய வேகத்தில் தளரவில்லை என்று பொருள். வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை என்று காரணங்கள் இருக்கும். இதயச் செயலிழப்போடு வருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சுருங்கும் விசை நன்றாகவே இருக்கிறது. தளர்ந்து நிரம்புவதில்தான் கோளாறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பயத்தில் அட்ரினலின் பாயும்போது இதயம் வேகமாகச் சுருங்குவதோடு வேகமாகத் தளரவும் செய்கிறது. கால்சியத்தை இறைக்கும் வேலையையும் அட்ரினலினே முடுக்கிவிடுகிறது. இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 150 துடிப்பில் நிரம்ப நேரம் ஏது?

இரத்தக் குழாய்க்கும் தளர்வு உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று ஏறக்குறைய நூறாண்டு யாருக்கும் தெரியவில்லை. ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல், குழாயின் உள்சுவர்ச் செல்கள் விடும் ஏதோ ஒன்றுதான் குழாயைத் தளர்த்துகிறது என்று காட்டினார். அந்தச் செல்களைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வு நடக்கவில்லை. அது நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்தது. 1998 நோபல் அவருக்கும், இதே தேடலில் இருந்த லூயிஸ் இக்னாரோவுக்கும் ஃபெரிட் முராடுக்கும் போயிற்று. மாத்திரையும் உடம்பில் அதே வாயுவைத்தான் விடுகிறது.

பாசி எடுக்கிறவரின் நாடி

மனசுக்கு வருவோம். வால்ட்டர் கேனன் 1915 வாக்கில் ஆபத்தில் உடம்பு எப்படிச் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று எழுதினார். அதை நடத்துவது பரிவு நரம்பு மண்டலம். இறக்கி வைப்பது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம், அதில் முக்கியமானது மூளையிலிருந்து இதயம், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பு. 1921-இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த நீரை இன்னொரு இதயத்தின்மேல் விட்டார். தூண்டப்படாத இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளை விட்டுத்தான் பேசுகிறது என்று அன்று தெரிந்தது.

இதிலிருந்து நாடி இறங்கினால் மனசு தளர்ந்தது என்ற கணக்கு வந்துவிட்டது. கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச்சுகள் இதை நம்பியே ‘ஸ்ட்ரெஸ் ஸ்கோர்’ காட்டுகின்றன. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் இதைக் கட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? சேலைக்குமேல் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, கண்ணாடி. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மன்னார் வளைகுடாத் தீவுகளின் பாறைகளில் மூச்சுப் பிடித்து மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். (கீழக்கரை வீடுகளில் நோன்பு திறக்கையில் தட்டில் குலுங்கும் கடல்பாசிக்கு மூலம் இப்படிப்பட்ட பாசிதான்.) முகம் தண்ணீரில் பட்டு மூச்சு நின்றதும் வேகஸ் இதயத்தைப் பிடித்து மெதுவாக்குகிறது. அதே நொடியில் கைகால் குழாய்கள் இறுகிச் சுருங்கி, இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகின்றன. உடலியலாளர் பெர் ஷோலாண்டர் 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே முத்துக்குளிப்பவர்களிடம் இதை அளந்தார். கீழக்கரையில் சங்கு குளித்தவர்களின் உடம்பும் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கும். நாடி இறங்கியிருக்கிறது, ஆனால் அந்தப் பெண் பவளப்பாறைக் கூர்மைக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருக்கிறார். ஒரு எண்ணை வைத்துத் தளர்வைச் சொல்லிவிட முடியாது.

மூச்சை வைத்துத் தளர்த்தும் வழிக்கு ஆதாரம் உண்டு. 2001-இல் லூச்சியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் இத்தாலியில் 23 பேரை ஜெபமாலை சொல்லவைத்தும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ சொல்லவைத்தும் அளந்து பார்த்தார்கள். லத்தீனில் ஒரு அருள்நிறை மந்திரத்தை முன்னும் பின்னுமாகச் சொல்லி முடிக்கச் சுமார் 10 நொடி ஆயிற்று, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே 10 நொடிக்கு ஒரு முறை எழும் அலையோடு அது பொருந்திக்கொண்டது. அழுத்தம் ஏறி இறங்குவதற்கேற்ப இதயத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயல் கூர்மையானது. நம் கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் முன்பாதியை ஒருவர் எடுக்க, ‘தூய மரியே’ என்று மற்றவர்கள் பின்பாதியைச் சேர்ந்து சொல்வது வழக்கம். அதில் மூச்சு தானாக நீண்டு அடங்கும். அவர்கள் ஆரோக்கியத்துக்காக அதைச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

உடம்பு வழியாகப் போனவர் சிகாகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன். 1920-களில் அவர் ஒவ்வொரு தசையாக இறுக்கிப் பிறகு விடச் சொல்லிக் கொடுத்தார். பலருக்குத் தோள் தூக்கி நிற்பதே தெரியாது, இறுக்கிக் காட்டினால்தான் விடுவது எது என்று புரியும் என்பது அவர் கண்டது. சவாசனத்தை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்கள் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் கே.கே. தாதேயும் குழுவினரும், 1969-இல் இரத்த அழுத்தம் உள்ள 47 பேரிடம் செய்து பலரிடம் இறக்கம் கண்டதாக எழுதினார்கள். பிறகு ஹார்வர்டின் ஹெர்பர்ட் பென்சன், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி உட்கார்ந்தாலே ஆக்சிஜன் செலவு குறைகிறது என்று 1970-களில் காட்டியதும் உலகமே கண் மூடி உட்கார்ந்தது. பலன் இருக்கிறது, ஆனால் அளவானது. மாத்திரையை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடிக்கச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

யோகா முகாம்களில் பேசாத ஒன்றும் இருக்கிறது. சிலருக்குக் கண்ணை மூடித் தளரச் சொன்னாலே பதற்றம் கூடும். 1983-இலேயே உளவியலாளர்கள் ஹைடும் போர்கோவெக்கும் இதை ஆய்வில் காட்டிவிட்டார்கள். விழிப்பாக இருப்பதே பாதுகாப்பு என்று பழகிய உடம்பு, விடச் சொன்னால் மிரள்கிறது. இராத்திரி எல்லைக்கோட்டுப் பக்கம் படகு போயிருக்க, போன் வருமா என்று விழித்திருந்து பழகிய வீட்டில் ‘மனசை லேசாக்குங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்.

தீவு தளர்வது

ஜாரெட் டயமண்ட் 1972-இல் நியூகினியை ஒட்டிய தீவுகளின் பறவைகளை எண்ணி ஒரு கணக்குப் போட்டார். பனியுகம் முடிந்து கடல் ஏறியதும் பெருநிலத்திலிருந்து துண்டான தீவுகளில் முதலில் பெருநிலத்து இனங்கள் எல்லாமே இருந்தன. சின்ன இடம் அத்தனையையும் தாங்காது. ஒவ்வொன்றாக அழிந்து, தாங்கும் அளவுக்கு வந்து நின்றது. அதற்கு ஆன காலத்தை அவர் தளர்வு நேரம் என்றார். பாக் நீரிணை மூழ்குமுன் இலங்கையும் நம் கரையோடு ஒட்டிக்கிடந்த நிலம்தான். மன்னார் வளைகுடாவில் கணக்கில் 21 தீவுகள், 1986-இல் தேசியப் பூங்கா ஆனவை; அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் அரணிழந்து மூழ்கிவிட்டன. சூழலியலாளர் வாயில் தளர்வு என்றால் ஆறுதல் கிடையாது. புதிய சமநிலை வரும், ஆனால் பழையதைவிட ஏழையான சமநிலை.

61 நாள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. மீன் சினைப்படும் பருவம், அதை விட்டுவைக்க வேண்டும் என்பதில் எனக்கு வேறு கருத்தில்லை. வெளியூரிலிருந்து வந்து கரையில் வரிசையாக ஏற்றிக் கிடக்கும் படகுகளைப் பார்க்கிறவர்களுக்கு இது விடுமுறையாகத் தெரிகிறது. ‘என்னண்ணே, லீவுதானே, ரிலாக்ஸா இருக்கலாமே’ என்று கேட்டால், ‘கடல் லீவு விட்டிருக்கு தம்பி, வட்டி விடலையே’ என்று பதில் வரும்.

கரையில் சும்மா இருக்கவும் முடியாது. படகுக்குப் பெயிண்ட், பலகை ஓட்டை அடைப்பு, எஞ்சின் பிரிப்பு, வலை பொத்தல். படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு இது செலவுக் காலம், கூலிக்குப் போகிறவருக்கு வரவில்லாக் காலம். தொழில் நடக்கும் மாதங்களிலும் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள்தான்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. காலையில் போய் இரவெல்லாம் வலை இழுத்து மறுநாள் காலையில் கரை சேர்கிறவரின் உறக்கம் பகலில், வெயிலில், ஏலச் சத்தத்துக்கு நடுவில் துண்டு துண்டாக நடக்கிறது. உடம்பின் அழுத்த ஹார்மோன்கள் இறங்கிவர இருட்டும் தொடர்ச்சியான தூக்கமும் வேண்டும். அதுவும் ஒரு தளர்வு நேரம்தான், அதைப் பாதியில் வெட்டினால் அடுத்த கடலுக்கு மிச்ச இறுக்கத்தோடு போக வேண்டியதாகிறது.

படகுக் கடனும் முன்பணமும் முதுகில் கிடக்கும் வீட்டுக்கு 61 நாளும் பனைநார்க் கட்டிலின் கதைதான். சுமை இறங்காமல் நாட்கள் மட்டும் ஓடினால் நடப்பது ஊர்வு. ‘ஸ்ட்ரெஸைக் கையாளத் தெரியவில்லை’ என்று ஆளைக் குறை சொல்லும் நலவாழ்வுப் பேச்சு இந்த இடத்தில்தான் எனக்கு ஒட்டவில்லை. கட்டிலில் குழி விழுந்ததற்கு நாரைத் திட்டுகிற வேலை அது. மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது உடம்பின் இறங்குமுகத்தைச் சீராக்கும்; வட்டியைக் குறைக்காது.

தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். தடைக்காலத்தில் மீனவக் கிராமங்களில் மனநல முகாம் நடத்த வருகிறவர்கள், அந்தத் தொகை வந்துவிட்டதா, பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதச் செலவுக்கு யாரிடம் கை நீட்டியிருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுப் பாயை விரிக்கலாம். விரித்தபிறகு நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று சொல்லிக்கொடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை; ஜெபமாலை சொல்கிற கரையில் பாதிப் பேருக்கு அது பழகின விஷயம்.